மானியமா, ரொக்கமா, வேலையா, மாடா?

2010 டிசம்பரில் ஈரான் அரசு வினோதமான ஒரு காரியம் செய்தது. மக்களின் வங்கிக் கணக்குகளில் பணத்தைப் போட்டது. ஆனால் எடுக்க முடியாதபடி பூட்டி வைத்தது. கணக்கைப் பார்த்தால் பணம் தெரியும், கையில் வாங்க முடியாது. டிசம்பர் 18 இரவு அதிபர் அஹ்மதிநெஜாத் தொலைக்காட்சியில் தோன்றி, விடிந்தால் பெட்ரோல், டீசல், எரிவாயு, மின்சாரம் எல்லாம் விலை ஏறுகிறது என்று அறிவித்தார். ரேஷன் பெட்ரோலே நான்கு மடங்கு ஆனது. அதோடு கணக்குகளின் பூட்டும் திறந்தது. ஏழை, பணக்காரர் என்று பார்க்காமல் தலைக்கு மாதம் ஏறத்தாழ 45 டாலர் மதிப்புள்ள ரியால். பெரிய கலவரம் எதுவும் நடக்கவில்லை.

ஒன்பது ஆண்டு கழித்து, 2019 நவம்பரில், அதே நாட்டில் நள்ளிரவில் பெட்ரோல் விலையை ஏற்றினார்கள். ரேஷன் அளவுக்குள் 50 சதவீதம் கூடுதல், அதற்கு மேல் போட்டால் மூன்று மடங்கு. பணம் தருகிறோம் என்று இந்த முறையும் சொன்னார்கள். ஆனால் பணம் வருவதற்கு முன்பே விலை வந்துவிட்டது. நாடெங்கும் போராட்டம் வெடித்து ஏராளமானவர்கள் உயிரிழந்தார்கள். பொருளாதாரத் தடை, அரசின் மேல் சேர்ந்திருந்த கசப்பு என்று வேறு காரணங்களும் இருந்தன, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் பணம் முதலில் வந்ததா, விலை முதலில் வந்ததா என்பது சின்ன வித்தியாசம் அல்ல.

வளரும் நாடுகளின் சிக்கல்கள் என்று பேச ஆரம்பித்தால் கடன், வேலையின்மை, கல்வி, ஊட்டச்சத்து, ஊழல் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அந்தப் பட்டியலுக்குள் நான் இறங்கப்போவதில்லை. கஜானாவில் கொஞ்சம் பணம் இருக்கிறது, அதை ஏழைகளிடம் சேர்க்க வேண்டும், எந்த வழியில் சேர்ப்பது? இந்த ஒரு முடிவை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். ‘கொஞ்சம்’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பல ஏழை நாடுகளில் வரி வருவாய் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 15 சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. பணக்கார நாடுகளில் சராசரியாக அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வசூலாகிறது. ஆகவே ‘எல்லாவற்றையும் செய்வோம்’ என்ற பதில் இங்கே செல்லாது.

நடைமுறையில் உள்ள வழிகள் நான்கு: பொருளின் விலையைக் குறைப்பது, ரொக்கம் தருவது, வேலை கொடுத்துக் கூலி தருவது, மாடோ ஆடோ வாங்கிக் கொடுத்துப் பிழைக்கச் சொல்வது. எது எவ்வளவு பலன் தரும் என்று ஒப்பிடுபவர்கள் நிறைய. நான் ஒவ்வொன்றிடமும் முதலில் வேறொரு கேள்வி கேட்பேன்: இதில் யார் விட்டுப்போவார்கள்?

அந்தக் கேள்விக்கு விலை மானியத்திடம் நல்ல பதில் இருக்கிறது. பட்டியல் வேண்டாம், அடையாள அட்டை வேண்டாம், யாரும் மனு எழுத வேண்டாம். கடைக்குப் போய் வாங்கினால் போதும். நேற்று ஊருக்கு வந்த கூலித்தொழிலாளிக்கும் அதே விலைதான். ஆள்பலமும் ஆவணங்களும் இல்லாத அரசுகள் காலம் காலமாக இதைப் பிடித்துத் தொங்குவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல. அவர்களால் ஒழுங்காகச் செய்ய முடிகிற ஒரே காரியம் அதுவாக இருந்தது.

ஆனால் எரிபொருள் மானியத்தில் வேறொரு கோளாறு. அதிகம் எரிப்பவருக்கு அதிகம் கிடைக்கும். வளரும் நாடுகளின் எரிபொருள் மானியத்தைச் சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, மேல்தட்டு 20 சதவீதத்தினருக்குக் கிடைப்பது அடித்தட்டு 20 சதவீதத்தினருக்குக் கிடைப்பதைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு என்று வந்தது. இரண்டு கார் வைத்திருப்பவரின் டேங்கை நிரப்பி, மிச்சத்தில் பேருந்துப் பயணிக்குக் கொஞ்சம் கொடுக்கிற ஏற்பாடு அது. எகிப்தில் 2014 சீர்திருத்தத்துக்கு முன் எரிசக்தி மானியம் கல்வி, சுகாதாரம் இரண்டுக்கும் சேர்த்துச் செலவழித்ததைத் தாண்டியிருந்தது. நைஜீரியாவில் மலிவாக விற்ற பெட்ரோல் எல்லை கடந்து பெனினிலும் டோகோவிலும் சாலையோரப் பாட்டில்களில் விலைக்குப் போனது. நைஜீரிய வரிப்பணம் பக்கத்து நாட்டு பைக்குகளை ஓட்டியது என்றுகூடச் சொல்லலாம்.

எடுத்துவிடலாமே என்றால் அதுவும் லேசில்லை. 1977 ஜனவரியில் எகிப்து உணவு மானியத்தில் கை வைத்தபோது எழுந்த கலவரத்தில் சாதாத் அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. 1998 மே மாதம் இந்தோனேசியாவில் எரிபொருள் விலை ஏறிய சில வாரங்களுக்குள் சுஹார்த்தோவின் ஆட்சியே போனது (ஆசிய நிதி நெருக்கடி ஏற்கனவே அடித்தளத்தை அரித்திருந்தது). 2012 ஜனவரியில் நைஜீரியா ஒரே நாளில் லிட்டர் 65 நைராவிலிருந்து 141 ஆக்கியது. நாடு தழுவிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 97-க்கு இறங்கி வந்தது. 2019 அக்டோபரில் ஈக்வடார் அரசு தலைநகர் கீட்டோவை விட்டே சில நாள் குவாயக்கீலுக்கு இடம் மாறிவிட்டு, கடைசியில் ஆணையை ரத்து செய்தது. சாலையில் இறங்கியவர்களை ‘பொருளாதாரம் தெரியாதவர்கள்’ என்று ஏளனம் செய்கிற பழக்கம் நிபுணர்களிடம் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசிடமிருந்து தங்களுக்கு வந்து சேர்கிற ஒரே பொருள் மலிவு எண்ணெய்தான் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

உணவு மானியத்தை இதே தராசில் வைக்கக் கூடாது. பணக்காரர் என்பதற்காக ஒருவர் ஆறு மடங்கு ரொட்டி சாப்பிட மாட்டார். துனிசியா 1990-களில் ஒரு சாமர்த்தியம் செய்தது: வசதியுள்ளவர்கள் விரும்பி வாங்காத ரகங்களுக்கும் பொதிகளுக்கும் மட்டும் மானியத்தை ஒதுக்கியது. யாரையும் தடுக்காமலே வசதியுள்ளவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

சரி, ரொக்கத்துக்கு வருவோம். கடந்த முப்பது ஆண்டுகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

1997-ல் மெக்சிகோ தொடங்கிய ‘புரோக்ரெசா’ திட்டம் தாய்மார்களின் கையில் பணம் கொடுத்தது. நிபந்தனை: பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், குடும்பம் சுகாதார நிலையத்துக்குப் போய் வர வேண்டும். திட்டத்தை வடிவமைத்தவர்கள் ஆட்சி மாறினால் இது போய்விடும் என்று பயந்தார்கள். அதனால் 506 கிராமங்களை எடுத்து, குலுக்கல் முறையில் சிலவற்றுக்கு முதலிலும் மற்றவற்றுக்குப் பிறகும் பணம் கொடுத்து, வித்தியாசத்தை அளந்தார்கள். 2000-ல் ஆட்சி மாறவும் செய்தது. 71 ஆண்டு ஆண்ட கட்சி தோற்றது. திட்டம் பெயர் மாறி 2019 வரை நின்றது. 2003-ல் பிரேசில், சிதறிக் கிடந்த உதவிகளை ஒன்றாக்கி ‘போல்சா ஃபமீலியா’ என்று கொண்டுவந்தது. அது நாட்டு மக்களில் கால்வாசிப் பேரைத் தொட்ட காலத்தில்கூடச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் அரை சதவீத அளவுதான். எகிப்தின் எரிசக்தி மானியத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே 6 சதவீதத்துக்குக் குறையாமல் போய்க்கொண்டிருந்தது.

‘கையில் காசு கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்கள்’ என்ற பேச்சு எல்லா நாட்டிலும் உண்டு. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடியதாகத் தெரியவில்லை. பல இடங்களில் குறைந்தது. அதனால் அந்த வாதத்துக்கு இங்கே இதற்கு மேல் இடம் தர வேண்டாம்.

உண்மையான சண்டை நிபந்தனை வேண்டுமா வேண்டாமா என்பதில்தான். மலாவியின் சோம்பா மாவட்டத்தில் பதின்வயதுப் பெண்களை வைத்து இதை நேருக்கு நேர் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பள்ளிக்குப் போனால்தான் பணம்; இன்னொரு பிரிவுக்கு நிபந்தனையே இல்லை. பள்ளியில் நிலைத்ததிலும் தேர்வு மதிப்பெண்ணிலும் நிபந்தனைப் பிரிவு முன்னால் நின்றது. ஆனால் சிறுவயதுத் திருமணமும் கர்ப்பமும் நிபந்தனையில்லாத பிரிவில்தான் குறைந்தன. எப்படி? எந்தப் பெண் பள்ளியை விட்டு நின்றாளோ, அவளுக்குத்தான் அந்தப் பணம் அதிகம் தேவைப்பட்டது. நிபந்தனை சரியாக அவளைத்தான் வெட்டிவிட்டது. நான் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

மொராக்கோவில் இன்னொரு வழியைச் சோதித்தார்கள். ‘தய்சீர்’ திட்டத்தில் ஒரு பிரிவினரிடம் ‘இது பிள்ளைகளின் படிப்புக்கான பணம்’ என்று மட்டும் சொன்னார்கள். வருகைப் பதிவேட்டை யாரும் பார்க்கவில்லை. வருகையைக் கெடுபிடியாகச் சரிபார்த்த பிரிவுக்குக் குறையாத பலன் வந்தது. அப்பா கையில் கொடுத்தாலும் அம்மா கையில் கொடுத்தாலும் அங்கே பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவில் முதியோர் ஓய்வூதியம் பாட்டியிடம் வந்த வீடுகளில் பேத்திகளின் எடையும் உயரமும் தேறின. தாத்தாவிடம் வந்த வீடுகளில் அப்படி நடக்கவில்லை. பெண்ணிடம் கொடுப்பதே நல்லது என்று பொதுவாகச் சொல்லலாம், ஆனால் அதை எங்கும் செல்லுபடியாகும் விதியாக நான் எழுத மாட்டேன்.

என் சாய்வு வெளிப்படையானது: பெயரில் நோக்கத்தைச் சொல்லுங்கள், பதிவேடு வைத்து மிரட்டாதீர்கள். ஆசிரியரே வராத பள்ளிக்குப் பிள்ளை போகவில்லை என்று தாயின் பணத்தை நிறுத்துவது அரசின் தவறுக்கு அவளிடம் அபராதம் வாங்குவதாகும். நிபந்தனையைச் சரிபார்க்க வேண்டிய குமாஸ்தாவுக்குச் சம்பளமும் அதே பணத்திலிருந்துதான் போக வேண்டும்.

ரொக்கத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது. கென்யாவின் சியாயா பகுதியில் ஓர் அமைப்பு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா சுமார் 1,000 டாலர் கொடுத்தபோது விலைவாசி ஏறக்குறைய அசையவே இல்லை. பணம் வாங்காத பக்கத்து வீடுகளிலும் வருமானம் கூடியது. ஆனால் பிலிப்பைன்ஸின் ஒதுக்குப்புறக் கிராமங்களில் பெரும்பாலான வீடுகளுக்கு ஒரே சமயத்தில் பணம் வந்தபோது முட்டை போன்ற சத்துணவுகளின் விலை ஏறி, பணம் கிடைக்காத வீட்டுக் குழந்தைகளின் வளர்ச்சி குன்றியது. சந்தை திறந்திருந்து லாரி வந்துபோகும் ஊரில் பணம் சரக்கைக் கூட்டி வரும். ஆறு கடந்து, மலை ஏறிப் போக வேண்டிய ஊரில் அதே பணம் இருக்கிற சரக்கின் மேல் ஏலம் கேட்கும். மெக்சிகோவில் உணவுப் பெட்டியையும் ரொக்கத்தையும் பக்கத்துப் பக்கத்தில் சோதித்தபோதும் இதுவே தெரிந்தது: பெட்டி வந்த ஊர்களில் விலை இறங்கியது, அதுவும் ஒதுங்கிய ஊர்களில் கூடுதலாக. அரிசி, கோதுமையை நேரடியாகத் தருவது பழைய பாணி என்று கைகழுவுகிறவர்கள் இந்த ஊர்களை மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் இருக்கவே இருக்கிறது பெரிய தலைவலி: யார் ஏழை?

மாதச் சம்பளச் சீட்டு இல்லாத நாட்டில் வருமானத்தை யாராலும் பார்க்க முடியாது. அதனால் கூரை என்ன, தரை என்ன, வண்டி இருக்கிறதா என்று கேட்டு, சூத்திரம் போட்டு மதிப்பெண் தருவார்கள். 2005 அக்டோபரில் இந்தோனேசியா எரிபொருள் விலையைச் சராசரியாக இரட்டிப்புக்கு மேல் ஏற்றியபோது, ஈடாகச் சுமார் 1.9 கோடி குடும்பங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 3 லட்சம் ரூபியா கொடுத்தது. சில மாதங்களில் அவசரமாகத் தயாரித்த பட்டியல். விட்டுப்போனவர்கள் ஊர்த் தலைவர்களின் அலுவலகங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். இருந்தாலும் ஆட்சி கவிழவில்லை. 1998-ல் இல்லாத பணம் 2005-ல் கைக்கு வந்திருந்தது.

அதே நாட்டில் பின்னர் 640 குடியிருப்புகளில் ஒரு சோதனை நடந்தது. சில இடங்களில் சூத்திரம் தீர்மானித்தது. சில இடங்களில் ஊர்மக்களே கூட்டம் போட்டு, வீடுகளை ஏழ்மை வரிசையில் அடுக்கினார்கள். செலவுக் கணக்கை வைத்து அளந்தால் சூத்திரம் கொஞ்சம் துல்லியம். ஆனால் ஊர்க்கூட்டம் தேர்ந்த பட்டியலை மக்கள் அதிகம் ஏற்றுக்கொண்டார்கள், புகார்கள் குறைந்தன. கூட்டத்தின் தொடக்கத்தில் பேச்சுக்கு வந்த வீடுகள் சரியாக இடம் பிடித்தன, நேரம் போகப் போக எல்லாரும் களைத்துப்போய்க் கடைசி வீடுகளை ஏதோ ஓர் இடத்தில் செருகினார்கள் என்பது அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த தகவல்.

இதனால்தான் ஏழையைத் தேடுவதை விட்டுவிட்டு வயதைப் பார்த்துக் கொடுப்பதை நான் விரும்புகிறேன். நேபாளம் 1990-களின் நடுவில், தான் மிக ஏழையாக இருந்தபோதே 75 வயது தாண்டியவர்களுக்கு உதவித்தொகை தொடங்கியது. லெசோத்தோ 2004-ல் 70 வயது தாண்டியவர்களுக்கு. பொலிவியா 2008-ல் 60 வயது தாண்டிய எல்லாருக்கும், எரிவாயு வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கி. வசதியுள்ள சில முதியவர்களுக்கும் பணம் போகும், உண்மைதான். ஆனால் வயதைச் சொல்லித் தள்ளிவிடுவது கடினம். கூரையைச் சொல்லித் தள்ளிவிடுவது சுலபம்.

மூன்றாவது வழியான வேலை, இந்தத் தேடலை வேறு விதமாகத் தீர்க்கிறது. வெயிலில் மண் வெட்டக் கூப்பிட்டால் தேவையில்லாதவர் வர மாட்டார். 1970-களின் தொடக்கத்து வறட்சியில் மகாராஷ்டிரம் இப்படி லட்சக்கணக்கானவர்களைப் பட்டினியிலிருந்து காத்தது. 1977-ல் அதைச் சட்டமாக்கியது. 2005-ல் இந்தியா முழுமைக்குமான சட்டம் வந்து, 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கியது. கேட்ட 15 நாளில் வேலை, இல்லாவிட்டால் உதவித்தொகை; ஆண்டுக்கு 100 நாள் என்பது அப்போதைய உறுதி. அந்த எண்ணே மக்கள் வாயில் திட்டத்தின் பெயராகிவிட்டது. ஆந்திரத்தில் கூலி ஒழுங்காகச் சேர ஸ்மார்ட் கார்டு கொண்டுவந்தபோது, ஏழைகளின் வருமானம் கூடியதில் பெரும்பகுதி திட்டத்திலிருந்தே வரவில்லை. தனியார் கூலி உயர்ந்ததால் வந்தது. ‘அந்தக் கூலிக்கு வர முடியாது, எனக்கு வேறு வேலை இருக்கிறது’ என்று சொல்ல முடிந்ததன் பலன் அது. ரொக்கத் திட்டத்தில் இது இந்த அளவுக்குக் கிடைக்காது.

வேலைத் திட்டத்தில் விட்டுப்போவது உடம்பு முடியாதவர்கள். எத்தியோப்பியா 2005-ல் தொடங்கிய பாதுகாப்புத் திட்டத்தில் அதற்கு வழி செய்தது: முடிந்தவருக்கு வேலை, முதியவருக்கும் ஊனமுற்றவருக்கும் கர்ப்பிணிக்கும் வேலையில்லாமலே உதவி. இன்னொரு நோய் கூலித் தாமதம். இன்று சாப்பிட இன்று உழைத்தவருக்கு இரண்டு மாதம் கழித்துக் கூலி வந்தால், நடுவில் அவர் வட்டிக்கு வாங்கியிருப்பார். மேற்பார்வை, தளவாடம், அளவீடு என்று செலவும் அதிகம். வறட்சியும் பருவகால வேலையின்மையும் உள்ள பகுதிக்கு இதை நான் பரிந்துரைப்பேன். நகரத்துக்குத் தயங்குவேன்.

நான்காவது வழி, சொத்து. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002-ல் தொடங்கியது: மிக ஏழையான பெண்ணுக்கு மாடோ ஆடோ கொடுத்து, பராமரிக்கப் பயிற்சி கொடுத்து, அதை விற்றுச் சாப்பிட்டுவிடாமல் இருக்கச் சில மாதம் செலவுக்கும் காசு கொடுத்து, வாரம் தவறாமல் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பது. ஆறு நாடுகளில் இதைச் சோதித்த ஆய்வு 2015-ல் வெளியானது. உதவி நின்று ஓராண்டு ஆன பிறகும் பெரும்பாலான இடங்களில் பலன் நிலைத்திருந்தது. ஹோண்டுராஸில் மட்டும் வெளிரகக் கோழிகளைக் கொடுக்க, அவற்றில் நிறைய நோயில் செத்துப்போயின. இந்தத் திட்டத்தின் முதுகெலும்பு மாடு அல்ல, வாராவாரம் வருகிற அந்த ஆள். ஆயிரம் குடும்பங்களுக்கு அப்படி ஆட்களைக் கண்டுபிடிக்கலாம். பத்து லட்சம் குடும்பங்களுக்கு ஓர் அரசு அதைச் செய்ய முற்பட்டால், மாட்டுக் கொள்முதல் டெண்டர் மட்டும் மிஞ்சும் என்று எனக்குப் பயம். நல்ல தொண்டு நிறுவனம் இருக்கும் மாவட்டங்களில் செய்யட்டும்.

ஆக, எண்ணெய்க்கு மானியம் கொடுத்துக்கொண்டிருக்கும் ஓர் அரசு என்னிடம் கேட்டால், இந்த வரிசையில் சொல்வேன். முதலில் பணம் போகும் குழாயைக் கட்டுங்கள்: செல்போனோ, அஞ்சலகமோ, எது ஊர்வரை போகிறதோ அது. டோகோவால் 2020 ஏப்ரலில் ‘நொவிஸ்ஸி’ என்ற ரொக்க உதவித் திட்டத்தைச் சில நாட்களில் தொடங்க முடிந்தது. அந்த ஆண்டுத் தேர்தலுக்காகப் புதுப்பித்த வாக்காளர் பட்டியலும் செல்போன் பணமும் கையில் இருந்தன. பெண்களுக்கு மாதம் 12,250 சிஎஃப்ஏ ஃபிராங்க், ஆண்களுக்கு 10,500. பிறகு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் வயதை மட்டும் பார்த்துச் சிறு தொகையாவது தொடங்குங்கள். இரண்டு மூன்று தவணை தவறாமல் வந்து, ‘இது வரும்’ என்று மக்கள் நம்பிய பிறகு எண்ணெய் மானியத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். உணவு மானியத்தில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். வறட்சிப் பகுதியில் வேலைத் திட்டம்.

தொகையை விலைவாசியோடு சேர்த்து ஏற்றுவதைச் சட்டத்திலேயே எழுதச் சொல்வேன். ஈரானின் அந்தப் பணம் மாதம் 4,55,000 ரியாலில் ஆண்டுக்கணக்காக அப்படியே நின்றது. 2018 இறுதியில் திறந்த சந்தையில் அதன் மதிப்பு 5 டாலருக்கும் கீழே. யாரும் திட்டத்தை ரத்து செய்யவில்லை, பணவீக்கமே அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்து முடித்தது. இந்தியாவின் முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசு தரும் பங்கு 2007 வாக்கில் 200 ரூபாய் ஆனது. பல ஆண்டுகள் கழித்தும் 79 வயதுவரை அது 200 ரூபாய்தான், மிச்சத்தை மாநிலங்கள் தங்கள் கையிலிருந்து போட்டுக்கொள்கின்றன. எந்த நிதி அமைச்சகமும் அந்த ஒரு வரியை எழுத முரண்டு பிடிக்கும். பேரம் பேச வேண்டி வந்தால் தொடக்கத் தொகையில் கால்வாசியைக்கூட விட்டுக்கொடுத்து, அந்த வரியை வாங்கிக்கொள்வேன்.